கூரை யாருடையது, கல்லா யாருடையது?

அன்புள்ள கயல்விழி,

உன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் படித்தாயிற்று. சந்திப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் உன்னுடைய இரண்டு வாக்கியங்களுக்காக மட்டும். ஒன்று, இயலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் குடும்பங்களையும் பிள்ளைகளையும் வாட்டும் சிக்கல்களைக் கூடிப் பேசத் தொடங்கியதே மார்ட்டின் லூதர் கிங் வந்த பிறகுதான் என்று எழுதியிருக்கிறாய். மற்றொன்று நீ தொலைபேசியில் கேட்டது: "இத்தனை காலம் பேசிப் பேசி என்னதான் ஐயா நடந்தது?" முதல் வாக்கியம் எரிச்சல் மூட்டியது. இரண்டாவது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் எரிச்சலைத் தீர்த்துக்கொள்கிறேன். கிங் மான்ட்கோமரி நகரத் தேவாலயத்தில் முழுநேரப் பொறுப்பேற்றது 1954 செப்டம்பரில். அதே ஆண்டு மே மாதமே, பேருந்துகளில் கறுப்பினத்தவரை நடத்தும் முறை மாறாவிட்டால் புறக்கணிப்பு வரும் என்று நகர மேயருக்கு எச்சரிக்கைக் கடிதம் போய்விட்டது. எழுதியவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. அவர் தலைமை வகித்த பெண்கள் அரசியல் மன்றம் 1946-லேயே தொடங்கப்பட்டது. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான 1955 டிசம்பர் 1 இரவில், கல்லூரியின் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் புறக்கணிப்புக்கு அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிய விடிய அடித்ததும் அவர்தான். கிங் வந்தபோது மேடை தயாராக இருந்தது. பலகைகளைப் பெண்கள் அடித்து முடித்திருந்தார்கள். நீயோ மேடையில் நின்றவரை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய்.

அந்தத் துண்டறிக்கைகள் ஏன் இரவில் அச்சாயின என்று யோசித்தாயா? இயந்திரம் அரசுக் கல்லூரியுடையது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும். இங்கேதான் என் கொள்கை ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைத்திருக்கிறேன், பரவாயில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் எங்கே கூடிப் பேசினாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். அந்தக் கூரை யாருடையது? அங்கே கல்லாவில் விழும் காசு யாருடையது? பேசியதற்காகத் தண்டிக்கக்கூடியவனின் கைக்கு அந்த இரண்டும் எட்டாமல் இருந்தால்தான் பேச்சு உண்மையாக இருக்கும்.

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஜான்ஸ் தீவு என்று ஓர் இடம். என் வாழ்நாளில் அந்தத் தீவைப் பற்றிப் படித்த அளவுக்கு வேறெந்த ஊரைப் பற்றியும் படித்ததில்லை, ஆகையால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்ற விவசாயி பேருந்தும் ஓட்டினார். தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் கறுப்பினத் தொழிலாளர்கள் அதில் ஏறுவார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமானால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை அதிகாரி முன் படித்துக் காட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. ஜென்கின்ஸ் அந்தப் பகுதியைப் பேருந்திலேயே பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆலிஸ் வைன் என்ற பெண்மணி எழுத்தறியாமலே அதை முழுக்க மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பெயரைச் சேர்த்துவிட்டார். ஆனால் மனப்பாடத்தோடு நிற்க அவருக்கு மனமில்லை. எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு பள்ளி முளைத்தது.

செப்டிமா கிளார்க்கை நீ ஓர் அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய். 1916-இல், பதினெட்டு வயதில், அதே ஜான்ஸ் தீவில் ஆசிரியையாகத் தொடங்கியவர் அவர். சார்ல்ஸ்டன் அரசுப் பள்ளிகள் அப்போது கறுப்பின ஆசிரியர்களை எடுப்பதில்லை. நாற்பது ஆண்டு பாடம் நடத்தினார். கறுப்பின உரிமைகளுக்காகப் போராடும் தேசியச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் அரசு ஊழியர் யாரும் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. கிளார்க் உறுப்பினர் அட்டையை மறைக்கவில்லை. 1956-இல் வேலையும் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. என் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? சம்பளம் கொடுப்பவன் அரசு என்றால் நாக்கின் கயிறும் அவன் கையில்.

வேலை இழந்த கிளார்க், டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திவந்த ஹைலாண்டர் பள்ளியில் சேர்ந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டு விவாதித்த இடம் அது. ரோசா பார்க்ஸ் கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன் பயிற்சிக்கு வந்துபோன இடமும் அதுவே. ஹைலாண்டர் 1,500 டாலர் கடன் கொடுக்க, ஜென்கின்ஸின் முன்னேற்றச் சங்கம் தீவில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. சாலையில் போகும் வெள்ளையருக்கு அது வெறும் கடை. கடன் திரும்ப அடைக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்; கூரை அவர்களுக்கே சொந்தமாயிற்று.

1957 ஜனவரியில், வயல்வேலை ஓய்ந்த குளிர்காலத்தில், 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. பாடம் எடுக்க வந்தவர் பெர்னிஸ் ராபின்சன், கிளார்க்கின் உறவுக்காரப் பெண். அவர் ஆசிரியை இல்லை, சார்ல்ஸ்டனில் கறுப்பினப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்பவர். தனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று எவ்வளவோ மறுத்தார். கிளார்க்கும் ஹார்ட்டனும் விடவில்லை. பெரியவர்களைப் பிள்ளைகளாக நடத்தாத ஒருவர்தான் அவர்களுக்கு வேண்டும். வேலையை விட்டு நீக்க முதலாளி இல்லாத ஒருவராகவும் இருக்க வேண்டும். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். எந்த வெள்ளைக்காரராலும் அவருடைய கல்லாவை மூட முடியாது.

ராபின்சன் முதலில் சிறுவர் பள்ளிப் பாடங்களைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவை அங்கே உதவா என்று உடனே புரிந்துவிட்டது. ஒதுக்கிவைத்துவிட்டு, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று அவர்களையே கேட்டார். சொந்தப் பெயரை எழுத வேண்டும், அஞ்சல்வழி வாங்கும் பட்டியலின் படிவத்தை நிரப்ப வேண்டும், மணியார்டர் அனுப்ப வேண்டும், அரசியலமைப்பைப் படிக்க வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அவர்கள் வாயிலிருந்தே வந்தது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதை எல்லாரும் படிக்க வேண்டும் என்றார் ராபின்சன். மணியார்டரும் மனித உரிமையும் ஒரே சுவருக்குள் இருந்தன. கூடிப் பேசுதல் என்றால் இதுதான், கயல். ஒருவர் மைக் பிடித்து முழங்க மற்றவர்கள் கைதட்டுவது கருத்தரங்கு. அதில் நம் பல்கலைக்கழகங்களுக்கு யாரும் நிகரில்லை.

ஹைலாண்டரை டென்னசி அரசு இழுத்து மூடிய 1961-இல், இந்தப் பள்ளித் திட்டம் கிங்கின் அமைப்புக்குக் கைமாறி ஜார்ஜியாவிலிருந்து தெற்கு முழுவதும் பரவியது. அதாவது கிங் இந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கவில்லை, சுவீகரித்துக்கொண்டார். அங்கேயும் கிளார்க்கின் சொல்லை ஆண்கள் எளிதில் காதில் வாங்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். என் கொள்கையின் ஓட்டை இதுதான் என்று நீ உடனே பிடித்துக்கொள்வாய். பிடித்துக்கொள். கூரை சொந்தமாக இருந்தாலும் அதன் கீழே யார் முதலில் பேசுவது என்ற தகராறு தீர்ந்துவிடுவதில்லை.

இன்னோர் ஓட்டையையும் நானே காட்டிவிடுகிறேன். கறுப்பின ஆண்கள் மனம்விட்டுப் பேசும் இடம் சலூன் என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் கறுப்பினத்தவர் நடத்திய பெரிய சலூன்கள் பல வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே சவரம் செய்தன. கடைக்காரரால் தன் இனத்தவரையே நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. கூரை சொந்தம், காசு அந்நியம். வாடிக்கையாளர்கள் மாறிய பிறகுதான் சலூன் நீ சொல்லும் சலூனாயிற்று. அதனால்தான் நான் கல்லாவைப் பற்றித் தனியே கேட்கிறேன். மான்ட்கோமரியில் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி, பேருந்துப் புறக்கணிப்பு வழக்கில் துணிந்து சாட்சி சொன்னதால் வேலை இழந்தார். பிறகு சொந்தச் சமையலறையிலேயே சமைத்து விற்றார். இயக்கத் தலைவர்கள் அங்கே சாப்பிட்டபடியே திட்டம் போட்டார்கள்.

இனி இளையோர். 1964 கோடையில் மிசிசிப்பியில் சுமார் 40 விடுதலைப் பள்ளிகள் நடந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். பாடம் பெரும்பாலும் கேள்விகளாகவே இருந்தது. பெரும்பான்மையினரிடம் இருப்பவற்றுள் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம், நம்மிடம் இருப்பவற்றுள் எதை விடக்கூடாது என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். மூன்றாவது கேள்வியைப் பார். உங்களிடம் காக்கத் தகுந்த ஒன்று இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை எந்தப் பள்ளி சொன்னது? இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. விடுதலைப் பள்ளிக்கு இடம் தர ஒப்புக்கொண்ட மவுண்ட் சயன் தேவாலயம் அந்த ஜூனில் எரிக்கப்பட்டது. அதை விசாரிக்கப் போன சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். கூரையின் மதிப்பு எதிரிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு, 1965-இல், அரசுத் தரப்பிலிருந்து வேறொரு பேச்சு வந்தது. தொழிலாளர் துறை அதிகாரி டேனியல் பாட்ரிக் மொய்னிகன் கறுப்பினக் குடும்பம் பற்றி எழுதிய அறிக்கை அது. அதை நீ வேதவாக்காக எடுத்தாண்டிருக்கிறாய். மொய்னிகனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அடிமை முறையையும் வேலையின்மையையும் அவர் சுட்டிக்காட்டினார். ஆனால் நாடு பிடித்துக்கொண்டது தந்தையில்லாத வீடுகள் என்ற பகுதியை மட்டும்தான். அதே காலத்தில் அலபாமாவில் ஒரு விதி இருந்தது. உதவித்தொகை பெறும் தாயோடு ஓர் ஆணுக்கு உறவு இருந்தால், அவர் பிள்ளைகளின் தகப்பனாக இல்லாவிட்டாலும், அந்தப் பிள்ளைகளுக்கு உதவி நின்றுவிடும். பல்லாயிரம் குழந்தைகள் அப்படி விலக்கப்பட்டார்கள். 1968-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது. ஒரு கையால் ஆணை வீட்டிலிருந்து விரட்டிவிட்டு மறு கையால் ஆண் எங்கே என்று அறிக்கை எழுதுவது எந்த ஊர் நியாயம்? ஹெர்பர்ட் கட்மன் 1976-இல் எழுதிய பெரிய நூலைப் படி. அடிமைத் தளையிலும் அதன் பிறகும் அந்தக் குடும்பங்கள் எவ்வளவு பிடிவாதமாக ஒட்டி நின்றன என்று ஆவணங்களை அடுக்கிக் காட்டுகிறார். விடுதலைக்குப் பின், விற்கப்பட்டுப் பிரிந்த மனைவியையும் பிள்ளையையும் தேடி மக்கள் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். குடும்ப உணர்வு இல்லாதவர்கள் செய்கிற காரியமா அது?

கடித வடிவில் இதை எழுதும்போது ஜேம்ஸ் பால்ட்வினை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1962-இல் அவர் தன் தம்பி மகனுக்கு எழுதிய கடிதத்தையும், மு.வ.வின் 'தம்பிக்கு' நூலையும் நான் ஒரே கோடையில் படித்தேன். மு.வ. இளைஞனுக்கு வாழும் வழி சொன்னார். பால்ட்வினோ, உன்னைப் பற்றி அவர்கள் சொல்வதை நம்பாதே என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்றும் கறுப்பினப் பெற்றோர் பிள்ளைகளிடம், போலீஸ் நிறுத்தினால் கையைத் தெரியும்படி வை, பைக்குள் சட்டென்று கை விடாதே, மரியாதையாகப் பதில் சொல் என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். சொந்த வீட்டுக் கூரையின் கீழ் நடக்கும் இந்தப் பேச்சின் பாடத்திட்டத்தை மட்டும் வெளியே இருப்பவன் தீர்மானிக்கிறான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2014-இல் கிளீவ்லாந்து பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்த 12 வயது டமிர் ரைஸ், போலீஸ் வண்டி வந்து நின்ற சில நொடிகளில் சுடப்பட்டான். அந்தச் சில நொடிகளில் எந்தத் தாயின் அறிவுரையும் உதவாது. அங்கே மாற வேண்டியது பிள்ளையின் நடத்தையல்ல.

ஆகவே, பேசி என்ன நடந்தது? இதற்கு அளந்து சொன்ன விடை ஒன்று இருக்கிறது. 2018-இல் லாஸ் ஏஞ்சலஸில் 52 கறுப்பின சலூன்களில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 319 ஆண்களிடம் மருத்துவர் ரொனால்டு விக்டரின் குழு நடத்திய ஆய்வு வெளியானது. சில கடைகளில் முடிதிருத்துநர் வாடிக்கையாளரிடம் பேசி, உணவை மாற்றுங்கள், மருத்துவரைப் பாருங்கள் என்று ஊக்கினார், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்தது. மற்றக் கடைகளில் முடிதிருத்துநரின் பேச்சோடு மருந்தாளுநரும் கடைக்கே வந்து மருந்து எழுதினார். அங்கே 27 புள்ளி குறைந்தது. நன்றாகப் பார். வெறும் பேச்சும் வீண்போகவில்லை. பேச்சு நடக்கும் இடத்துக்கே தேவையான கருவியைக் கொண்டுவந்தால் பலன் மூன்று மடங்கு. ஜான்ஸ் தீவில் அந்தக் கருவி எழுத்து. லாஸ் ஏஞ்சலஸில் மாத்திரை. மக்கள் நம்பாத ஓர் அலுவலகத்தில் அதே மாத்திரையை வைத்திருந்தால் வாங்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

இனி நீ செய்ய வேண்டியது. இயலின் முதல் வாக்கியத்தை அடித்துவிடு. கிளார்க்கை அடிக்குறிப்பிலிருந்து மேலே கொண்டுவா. 'குரலற்ற மக்கள்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருப்பதை நீக்கு. அவர்கள் பேசியதற்காகத்தான் வேலை இழந்தார்கள். உன் அட்டவணையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதியும் தலைவர் பெயரும் போட்டிருக்கிறாய். அதோடு மூன்று பத்திகளைச் சேர்: கட்டடம் யாருடையது, காசு யாருடையது, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனவர் கையில் என்ன இருந்தது. மூன்றாவது பத்தியில் பல கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். அவற்றை நிரப்புவதற்காகக் கதை கட்டாதே. ஏன் காலி என்று எழுது. அதுதான் உன் ஆய்வின் நான்காம் இயல். மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்