ஒரு டாலருக்கு வாங்கிய பள்ளி நிலம்

சுற்றுச்சூழல் சட்டங்கள் என்று தலைப்பை எழுதியதுமே மாணவர்கள் ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஒரு சட்டம் எந்தத் துயரத்திலிருந்து பிறந்தது என்று தெரிந்துவிட்டால் மனப்பாடத்துக்கு வேலையில்லை. இதற்காக ஒன்பதாம் வகுப்பில் நான் மூன்று பாடவேளைகளில் நடத்திவரும் பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: கதையும் கேள்வியும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஊர் நயாகரா ஃபால்ஸ். 1890களில் வில்லியம் லவ் என்பவர் அங்கே ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். வேலை பாதியில் நின்றது. பள்ளத்துக்கு ‘லவ் கால்வாய்’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்ற ரசாயன நிறுவனம் சுமார் 20,000 டன் கழிவை அதில் கொட்டி, மேலே களிமண் போட்டு மூடியது.

அப்போது ஊர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பள்ளி கட்ட இடம் தேவைப்பட்டது. 1953 ஏப்ரலில் அவ்வூர்க் கல்வி வாரியம் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. இங்கே ரசாயனக் கழிவு நிரப்பப்பட்டுள்ளது என்றும், பின்னாளில் யாருக்குத் தீங்கு நேர்ந்தாலும் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கக் கூடாது என்றும் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. 1955இல் பள்ளி திறக்கப்பட்டது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்டியபோது களிமண் மூடி பல இடங்களில் உடைந்தது. வீடு வாங்கிய பலருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். “விற்றவர் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்படியானால் பொறுப்பு யாருக்கு?” என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரியும். “எழுதியிருக்கே டீச்சர், வாங்கினவங்கதான் யோசிச்சிருக்கணும்” என்பார்கள் சிலர். “படிக்கப்போன பிள்ளைங்க எந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாங்க?” என்று கடந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டார். அந்த ஒரு கேள்வி போதும், பாடம் நிற்கும்.

இரண்டாம் பாடவேளை: மண்ணுக்குள் நடப்பது

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவின் உட்புறம் முழுவதும் ஈரக் களிமண்ணைப் பூசுங்கள். மையில் நனைத்த பஞ்சை அடியில் வைத்து, மேலே மணல் நிரப்பி, களிமண்ணால் மூடுங்கள். மூடியில் பென்சிலால் இரண்டு மூன்று துளைகள் போட்டுவிட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் உள்ளே இறங்கும். களிமண் தடுப்பதால் வெளியேற வழியின்றி நிறையும். கடைசியில் மையோடு மேலே வழியும்.

லவ் கால்வாயிலும் இதுதான் நடந்தது. 1970களில் மழையும் பனியும் மிகுந்த ஆண்டுகளில் நிலத்தடி நீர் உயர்ந்தது. வீட்டு அடித்தளங்களில் ரசாயனம் கசிந்தது. 1978 ஆகஸ்ட் 2 அன்று மாநிலச் சுகாதாரத் துறை அவசரநிலையை அறிவித்துப் பள்ளியை மூட உத்தரவிட்டது. ஆகஸ்ட் 7 அன்று அதிபர் கார்ட்டர் கூட்டாட்சி அரசின் உதவியை அறிவித்தார். முதற்கட்டமாக 239 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவனின் தாயான லோயிஸ் கிப்ஸ் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கி மக்களைத் திரட்டியவர் என்பதையும் தவறாமல் சொல்வேன்.

மூன்றாம் பாடவேளை: சட்டம் சொல்வது

1980 டிசம்பரில் அமெரிக்காவில் ‘சூப்பர்ஃபண்ட்’ என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. கழிவைக் கொட்டியவர் மட்டுமல்ல, நிலத்தின் இன்றைய உரிமையாளரும் தூய்மைப்படுத்தும் செலவுக்குப் பொறுப்பாக்கப்படலாம் என்றது அது. இது அப்பாவிகளையும் சிக்கவைக்குமே என்ற கேள்வி எழுந்தது. வாங்குவதற்கு முன் முறையாக விசாரித்தும் மாசு இருப்பதை அறிய முடியாதவருக்கு 1986இல் வந்த திருத்தம் விலக்கு அளித்தது. பத்திரத்து நிபந்தனை நிறுவனத்தையும் காப்பாற்றவில்லை. ஹூக்கரை முன்பே வாங்கியிருந்த ஆக்ஸிடென்டல் நிறுவனம் 1995இல் கூட்டாட்சி அரசுக்கு 12.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

அடுத்து நம் மாநிலத்துக்கு வருவோம். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலமும் நீரும் கெட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட சூழலைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து, ஆய்வு செய்து, சீரமைப்பதற்கெனத் தனி விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் கண்டறிய வேண்டும். மாசு உறுதியானால், சீரமைப்புச் செலவு மாசுபடுத்தியவரைச் சேரும் என்கின்றன இவ்விதிகள்.

இங்கே ஒரு மாணவர், “வில்லங்கம் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடாதா டீச்சர்?” என்று கேட்டார். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் கேள்வி. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், விற்பனை தெரியும். பட்டாவில் உரிமையாளர் பெயர் தெரியும். மண்ணுக்குள் புதைந்திருப்பது இரண்டிலும் தெரியாது. ஆனால் முந்தைய உரிமையாளர் பெயர் பட்டறையா, சாயப்பட்டறையா, தொழிற்சாலையா என்று ஒரு துப்புக் கொடுக்கும். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு மேலே விசாரிப்பதுதான் வாங்குபவரின் கடமை.

வீட்டுப்பாடமும் எச்சரிக்கையும்

“நம் பள்ளி இருக்கும் இடம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என்னவாக இருந்தது?” என்று ஊர்ப் பெரியவர்கள் மூவரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஏரிக்கரை, களம், தோப்பு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதுவே நல்ல ஊர் வரலாறு. எந்த இடத்தையும் தோண்டவோ, சந்தேகமான மண்ணைத் தொடவோ மாணவர்களை அனுப்பக் கூடாது. துருப்பிடித்த டிரம், நிறம் மாறிய மண், நெடி என எதையாவது அவர்கள் பார்த்ததாகச் சொன்னால், தலைமையாசிரியர் வழியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். யாருடைய பெயரையும் வகுப்பில் குற்றவாளியாக்க வேண்டாம்.

நம் பள்ளிகள் பலவும் யாரோ ஒருவர் தானமாகத் தந்த மண்ணில் நிற்கின்றன. அந்த நன்றியை மறக்காமலே, அடுத்த கட்டடத்துக்கு இடம் வரும்போது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்: இந்த நிலத்தில் இதற்கு முன் என்ன நடந்தது? கையெழுத்துப் போடாத பிள்ளைகளுக்காக அதைக் கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.