எண்ணெயில் நீர் இல்லை

அழகுக்கலைத் தொழிலில் புதிதாக அடியெடுத்து வைத்திருக்கும் இளம் கலைஞருக்கு,

முகத்தில் பூசும் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கலைஞர் தீர்த்துக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, எதிரில் அமர்ந்திருப்பவரின் தோலில் குறைந்திருப்பது எண்ணெயா, நீரா என்பதாகும். மேலோட்டமாகப் பார்க்கையில் இரண்டு குறைகளும் ஒன்றுபோலத் தோன்றுவதாலும், பார்லர்களில் இரண்டையும் ‘டிரை ஸ்கின்’ என்ற ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டதாலும், இந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே பல நேரங்களில் சிகிச்சை தொடங்கிவிடுகிறது. வறண்ட தோல் என்பது எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பிலேயே குறைவாகச் சுரக்கும் ஒரு தோல் வகை. பெரும்பாலும் பிறவியோடு அமைவது, வயது ஏறும்போது கூடுவது. நீரிழந்த தோல் என்பது வகை அன்று, ஒரு நிலை. அது எந்த வகைத் தோலுக்கும், நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும் தோலுக்குங்கூட, சில வாரங்களில் வந்து சேரக்கூடியது, காரணம் நீங்கினால் சில வாரங்களில் விலகவும் கூடியது. முகம் கழுவிய சில நிமிடங்களுக்குள் கன்னம் இழுத்துப் பிடிப்பது, நண்பகலில் முகம் பளபளத்தாலும் உள்ளே இறுக்கம் நீங்காதிருப்பது, கன்னத்தை விரலால் மெல்லத் தள்ளும்போது கசங்கிய காகிதம்போல் நுண்கோடுகள் எழுவது, ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்பது ஆகியவை இந்நிலையின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் தவறு. வாடிக்கையாளரின் வாய்மொழியும் கலைஞரின் விரலும் ஒன்றையே சொல்லும்போதுதான் முடிவு உறுதிப்படும்.

இந்நிலை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிய, கொம்புப் படலம் எனப்படும் மேல்தோலின் வெளியடுக்கை அறிந்திருக்க வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, பெரும்பாலான இடங்களில் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ள இப்படலத்தில், உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்களைப் போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடைவெளிகளைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த கொழுப்புக் கலவை சாந்துபோல் நிரப்பியிருக்கிறது. செங்கற்களுக்குள் அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா முதலிய, நீரைத் தம்பால் பிடித்து வைக்கும் பொருள்கள் உள்ளன. உடலுக்குள்ளிருந்து மேலேறி வரும் நீர் இந்தச் சுவரின் ஊடே எந்நேரமும் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். இதனைத் தோல்வழி நீரிழப்பு என்பர். சாந்து விரிசல் விட்டால் இழப்பு கூடும். இங்கே கவனிக்க வேண்டியது, எண்ணெய்ச் சுரப்பிகள் வெளிவிடும் கொழுப்பு வேறு, இந்தச் சாந்து வேறு என்பதாகும். முன்னது டிரைகிளிசரைடு, மெழுகு, ஸ்குவாலீன் ஆகியவற்றால் ஆகிச் சுவரின் மேலே படர்வது. பின்னது சுவருக்குள்ளேயே இருப்பது. ஆகவே எண்ணெய் வழியும் முகத்தின் அடியில் சுவர் விரிசல் கண்டிருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. அத்தகைய முகத்தை எண்ணெய்ப் பிசுக்கு என்று கருதி மேலும் மேலும் கழுவுவதே, இத்தொழிலில் மிகப் பரவலாகவும் நல்லெண்ணத்துடனும் செய்யப்படும் தவறு.

தோலை மென்மையாக்குவது எண்ணெய்தான் என்ற நம்பிக்கை மருத்துவ உலகிலும் நெடுங்காலம் நிலவியது. பாஸ்டனில் பணியாற்றிய இர்வின் பிளாங்க் என்னும் ஆய்வாளர் 1952இல் வெளியிட்ட ஆய்வு அதனை மாற்றியது. உள்ளங்காலில் காய்த்துப்போன தோலின் துண்டுகளை உலர்த்தியபோது அவை அப்பளம்போல் முறியும் தன்மை பெற்றன. எண்ணெய்களில் ஊறவைத்தபோதும் அவை வளைந்துகொடுக்கவில்லை. நீர் சேர்ந்தவுடன் வளைந்தன. கொம்புப் படலத்தின் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடேனும் நீர் இருந்தால்தான் அது நெகிழ்வுடன் இருக்கும் என்பது அந்த ஆய்வின் முடிவு. நீர் குறைந்த தோலில் செதில்கள் தோன்றுவதற்கும் இதனோடு தொடர்புண்டு. பழைய செல்களைக் கண்ணுக்குத் தெரியாதபடி ஒவ்வொன்றாக உதிர்க்கும் நொதிகள் வேலை செய்ய நீர் தேவை என்பதால், அது போதாதபோது செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வெண்செதிலாகத் தெரிகின்றன. இச்செதிலைக் கண்டவுடன் ஸ்கிரப்பைத் தேடும் கை, தாகத்தால் துவண்ட செடியின் இலையை உருவுகிறது.

இவ்வளவையும் சொல்வது எண்ணெயைத் தள்ளிவைப்பதற்காக அன்று. அதன் உண்மையான பணியை அதனிடம் ஒப்படைப்பதற்காகவே. எண்ணெயில் நீர் இல்லை. ஆதலால் அது நீரைத் தர முடியாது. ஆனால் இருக்கும் நீர் எளிதில் வெளியேறாமல் மூடி வைக்க அதனால் இயலும். வெறும் பானையை எவ்வளவு இறுக மூடினாலும் அதில் நீர் ஊறிவிடாது என்பதுபோல, உலர்ந்த முகத்தில் நேராக எண்ணெயைத் தடவினால் பளபளப்பு வரும், கரடுமுரடும் சற்று மறையும், ஆனால் ஒரு மணி நேரம் கழித்து அந்த இறுக்கம் எண்ணெய்க்கு அடியிலிருந்தே மீண்டும் தலைகாட்டும். மூடும் ஆற்றலிலும் பொருளுக்குப் பொருள் வேறுபாடு உண்டு. பெட்ரோலியம் ஜெல்லி தோல்வழி நீரிழப்பை ஏறக்குறைய முற்றிலும் தடுக்க வல்லது. தாவர எண்ணெய்கள் அதனுடன் ஒப்பிடுகையில் மிகக் குறைந்த அளவே தடுக்கின்றன. எனினும் அவற்றுள் சில, மூடுவதோடு நில்லாமல், சாந்துக்கு வேண்டிய மூலப்பொருளையும் தருகின்றன என்பதே அவற்றின் தனிச்சிறப்பு.

ஆகவே வரிசை முக்கியம். நுரை பொங்காத மென்மையான கிளென்சரால், வெந்நீரில் அன்றி வெதுவெதுப்பான நீரில், முகத்தைக் கழுவியபின் துண்டால் ஒற்றி மட்டும் எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் போன்ற ஈரமீர்ப்பி உள்ள டோனரையோ சீரத்தையோ பூச வேண்டும். ஈரமீர்ப்பி என்பது நீரைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்ளும் பொருள். அது முழுவதும் உலர்வதற்குள், இரண்டு அல்லது மூன்று துளி எண்ணெயை உள்ளங்கைகளில் பரப்பி, தேய்க்காமல், முகத்தில் அழுத்தி ஒற்ற வேண்டும். தேய்ப்பதால் அடியிலுள்ள ஈரப்பூச்சு கலைகிறது. மூன்று துளிக்கு மேல் சேர்ப்பதால் பயன் கூடுவதில்லை, பிசுபிசுப்பே கூடுகிறது. முகத்தில் பன்னீரைத் தெளித்து அப்படியே காற்றில் உலரவிடுவதும், நீண்ட நேரம் ஆவி பிடிக்கச் செய்துவிட்டு மேலே ஒன்றும் பூசாமல் அனுப்புவதும் பயனற்றவை. புறத்திலிருந்து வந்த நீர் அவ்வாறே ஆவியாகிப் போய்விட, வாடிக்கையாளர் வந்தபோதிருந்த இறுக்கத்துடனேயே வீடு திரும்புவார். பகலில் சன்ஸ்கிரீன் பூசுவோர் எண்ணெயை இரவுக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது. எண்ணெயும் சன்ஸ்கிரீனும் கையில் ஒன்றாகக் குழைக்கப்பட்டால், வெயிலைத் தடுக்கும் பூச்சு சீராகப் படியாமல் போகும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் கலைஞரின் படிப்பு வெளிப்படும். 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர், உணவில் கொழுப்பே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் தோல் செதில் செதிலாக மாறியதைக் கண்டனர். அத்தகைய எலிகள் தோல் வழியே மிகுதியாக நீரை இழப்பதும் பின்னர்த் தெரியவந்தது. அந்தக் குறையைத் தீர்ப்பது லினோலெயிக் அமிலம். மேலே கூறிய சாந்தின் முதன்மையான செராமைடு ஒன்று, இந்த அமிலத்தைத் தன் உறுப்பாகவே கொண்டுள்ளது. சூரியகாந்தி எண்ணெயிலும் குசும்பா எண்ணெயிலும் இது மிகுதி. ஆனால் இவ்விரண்டிலும் ஒலெயிக் அமிலம் மிகுந்த வேறு ரகங்களும் விற்பனையில் உள்ளதால், குப்பியின் விவரத்தைப் படித்தே வாங்க வேண்டும். ஆலிவ் எண்ணெயில் ஒலெயிக் அமிலமே பெரும்பகுதி. அது சாந்தின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. பிரிட்டனில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்கையில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசிய இடத்தில் தோலின் காப்புத்தன்மை குறைந்து இலேசான சிவப்பும் தோன்றியது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் காப்பு நிலைத்ததோடு ஈரமும் கூடியது. விலை உயர்ந்த எண்ணெய் முகத்திற்கு உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை இந்த ஒரு செய்தியே அசைத்துவிடப் போதுமானது. நல்லெண்ணெயில் இரண்டு அமிலங்களும் ஏறக்குறைய நிகராக உள்ளன; பார்லர்களில் பெரிதும் புழங்கும் குங்குமாதி தைலத்திற்கு மரபுப்படி அடிப்படை எண்ணெயும் அதுவே. தேங்காயெண்ணெய் உடலின் வறட்சிக்கு நன்கு உதவினாலும், பருவுக்கு இடமான முகத்தில் துளைகளை அடைக்கக்கூடும். தேமலுக்குக் காரணமான மலசேசியா என்னும் பூஞ்சை கொழுப்பு அமிலங்களை உண்டே வளர்வது என்பதால், நெற்றியிலும் மயிரெல்லையிலும் ஒரே அளவிலான அரிக்கும் சிறு பொரிகள் உள்ளவருக்குத் தாவர எண்ணெய்களைத் தவிர்ப்பது நன்று. அந்தப் பூஞ்சையால் உண்ண இயலாத ஸ்குவாலேன் என்னும் எண்ணெய் அங்கே பொருந்தும். லினோலெயிக் அமிலம் மிகுந்த எண்ணெய்கள் காற்றும் ஒளியும் பட்டால் விரைவில் கெடுவதால், அடர்நிறக் குப்பியில் சிறிய அளவில் வாங்கி வைத்து, காறல் வாடை எழுந்த அன்றே கொட்டிவிட வேண்டும். நறுமணத்திற்காக எலுமிச்சை போன்ற வாசனைத் தைலங்களைச் சேர்ப்பது நீரிழந்த தோலில் எரிச்சலையும், வெயில் பட்டால் கருமையையும் வரவழைக்கலாம்.

தமிழ்நாட்டுக் கலைஞர் இங்கே எண்ணெய்க் குளியலை நினைவுகூர்வது இயல்பு. அந்த மரபில் எண்ணெய் முதலிலும் நீர் பின்னரும் வருகின்றனவே என்ற ஐயமும் எழலாம். சீயக்காயோ அரப்போ பயற்றமாவோ தேய்த்து எண்ணெயை நீக்கும்போது, தோலின் சொந்தக் கொழுப்புக்கு முன்னதாகப் பூசிய எண்ணெய் கழுவலுக்கு இரையாகிக் காப்பளிக்கிறது. அது கழுவும்போது நேரும் இழப்பைத் தடுக்கும் முறை. இங்கு பேசப்படுவது கழுவிய பின் இருக்கும் நீரைக் காக்கும் முறை. இரண்டும் அறிவுடையவையே. முகம் கழுவினாலே எரியும் அளவுக்குச் சுவர் நலிந்தவருக்கு, கழுவும் முன் ஒரு துளி, கழுவிய பின் ஈரத்தின் மேல் இரு துளி என இரண்டையும் சேர்த்தே பரிந்துரைக்கலாம்.

ஆயினும் நீர் போகும் வழியை அடைக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. குளியல் சோப்போ பெரும்பாலும் காரத்தன்மை உடையது என்பதால், நாளுக்கு நான்கு முறை சோப்பிட்டுக் கழுவுபவரின் சாந்து, தன்னைச் சீர்படுத்திக்கொள்ள நேரமே பெறுவதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் சோப்பைத் தோலிலேயே படியவிடுகிறது. சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் எட்டு ஒன்பது மணி நேரம் அமர்ந்திருப்பவர், வெளியே கடற்கரைப் புழுக்கம் இருந்தாலும் உள்ளே உலர்காற்றில்தான் வாழ்கிறார். இவற்றையெல்லாம் கேட்டறிய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எந்த ஃபேஷியலைவிடவும் மதிப்புடையது.

கேட்க வேண்டியவற்றுள் மிகக் கனமான ஒன்று உண்டு. நிறம் கூடும் என்று மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் பூசும் களிம்புகளில் ஸ்டீராய்டு இருப்பது நம் நாட்டில் மிகச் சாதாரணம்; அவற்றால் தோல் மெலிந்து, சிவந்து, வெயிலிலும் வியர்வையிலும் எரியும் முகத்தை நீரிழந்த தோல் என்று கருதி எண்ணெய் பூசத் தொடங்கினால் பெருந்தீங்கு நேரும். களிம்பின் டியூபைக் கொண்டுவரச் சொல்லி, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களுள் ஒன்று அதில் காணப்பட்டால், அன்றைய வேலையை நிறுத்தித் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திடீரென விட்டால் முகம் கொதித்தெழும் என்பதால், களிம்பை உடனே நிறுத்தும்படி கலைஞரே சொல்லிவிடுவதும் கூடாது. கரப்பான், நீர் கசியும் வெடிப்பு, புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் படிந்த செதில் ஆகியவையும் மருத்துவருக்கு உரியவை.

ஐயமற்ற தோலிலும் புதிய எண்ணெயை முதலில் காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ பூசி, இரண்டு நாள் பார்த்த பிறகே முகத்திற்குக் கொண்டுவர வேண்டும். கொம்புப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இரண்டு வாரத்திற்குக் குறையாமல் ஆகும் என்பதால், மறுநாளே மாற்றத்தை வாக்களிப்பதும் மூன்றாம் நாளில் எண்ணெயை மாற்றுவதும் ஒன்றுபோலத் தவறானவை. வாடிக்கையாளர் இரண்டு வாரம் கழித்து வரும்போது, கழுவியபின் இறுக்கம் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதை முதல் நாளின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறுக்கம் நீங்கிய முகத்திற்கு, கடலோர ஊர்களின் கோடைப் புழுக்கத்தில், ஈரமீர்ப்பி மட்டுமே போதுமானதாக இருக்கும். மார்கழிப் பனிக்காற்றிலோ, ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்குச் செல்லும்போதோ, அதே ஈரத்தின் மேல் இரண்டு துளி எண்ணெயை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவருடைய அட்டையில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும்.