தூரிகை ஏந்திய இசைஞர்

இசையில் பெயர் பெற்ற ஒருவர் அதைத் துறந்து தூரிகையை ஏந்துவது ஏன்? இவ்வினாவே என்னை டான் வான் விலீட்டிடம் ஈர்த்தது. 1941இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த இவர், 'கேப்டன் பீஃப்ஹார்ட்' என்னும் பெயரில் ராக் இசையில் பல சோதனைகள் செய்தார். இவருக்கு இசைக்குறியீடு எழுதத் தெரியாது. இவர் பியானோவில் வாசித்தவற்றை டிரம்ஸ் கலைஞர் ஜான் பிரெஞ்சு எழுதியெடுத்தார். குழுவினர் ஒரே வீட்டில் மாதக்கணக்கில் அரைப்பட்டினியோடு பயின்றனர். அவ்வாறு உருவானதே 28 பகுதிகள் கொண்ட 'டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா' இசைத்தட்டு; 1969இல் வெளிவந்தது. 1982இல் இறுதி இசைத்தட்டை அளித்தபின் முழுநேர ஓவியரானார், 2010இல் மறைந்தார். இசைக்குப் பிறர் கைகள் வேண்டும். ஓவியத்திற்குத் தன் கை போதும். அவர் நாடிய விடுதலை அதுவே என்பது என் கருத்து. எனினும், அவ்விசையைப் போற்றும் நாம், பசியோடு வாசித்த அக்கைகளை மறத்தலாகாது.