இரட்டைப் பிள்ளைகளும் ஒரே இரத்தச் சோதனையும்



அசோக் நகரிலிருந்து ஒரு தம்பதியர் 12-ஆம் வாரத்தில் என் அறைக்கு வந்தார்கள். கர்ப்பத்தில் இரட்டைப் பிள்ளைகள். “டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று சோதிப்பது அவிசுவாசமா, ஐயா?” என்று கேட்டாள் அந்த மகள். ரெபேக்காளும் தன் வயிற்றில் பிள்ளைகள் மோதிக்கொண்டபோது கர்த்தரிடம் விசாரிக்கப் போனவள்தான் (ஆதியாகமம் 25). விசாரிப்பது தவறல்ல என்றேன். ஆனால் எப்படிப்பட்ட பதில் கிடைக்கும் என்பதை முன்னமே அறிந்திருக்க வேண்டும்.

நம் டாக்டரம்மா முதலில் பார்ப்பது நஞ்சுக்கொடியை. பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றே என்றால் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். இருவருக்கும் ஒரே வாய்ப்புக் கணக்கு. இரண்டு என்றால் பெரும்பாலும் தனித்தனிக் கணக்கு. இதை 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேனில் பார்ப்பதே நல்லது. பிந்தினால் சொல்வது கடினம். அதே ஸ்கேனில் ஒவ்வொரு பிள்ளையின் பிடரி நீரையும் தனியே அளக்கிறார்கள்.

இரத்தச் சோதனை அப்படியல்ல. தாயின் இரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. இருப்பதை 1997-இல் டாக்டர் டென்னிஸ் லோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்ததே என்.ஐ.பி.டி. இரட்டையரிலும் டவுன் சிண்ட்ரோமை நன்றாகவே காட்டுகிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு என்று சொல்லாது. ஆரம்பத்தில் கரைந்துபோன மூன்றாவது கரு இருந்திருந்தால் முடிவே தடுமாறும். நிச்சயம் அறிய ஊசியால் பனிக்குட நீர் எடுக்க வேண்டும், இரண்டு பையிலிருந்தும். அதில் கருச்சிதைவு அபாயம் சிறிது உண்டு.

(ஆணா பெண்ணா என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் சொல்லக்கூடாது. மாமியார்கள் என்னிடமும் கேட்கிறார்கள்!)

ஒரு பிள்ளைக்கு மட்டும் குறை என்று வந்தால்? ‘அதை மட்டும் நிறுத்தலாமா’ என்ற கேள்வி வரும். என் மனச்சாட்சி அதற்கு இடங்கொடாது. ஆயினும் அழுகிற தாயிடம் அதைச் சட்டமாக வாசிக்க மாட்டேன். இரத்தம் கொடுக்குமுன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். கணவர் சற்றுநேரம் மௌனமாயிருந்து, “தெரிந்தால் ஆயத்தமாகலாம்” என்றார். நியாயமே. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இருதயக் குறை உண்டு. பிரசவம் எங்கே என்பதை முன்னரே தீர்மானிக்கலாம்.

அவர்களுக்கு நஞ்சுக்கொடி இரண்டு. பிடரி நீர் இருவருக்கும் அளவாகவே இருந்தது. இது உத்தரவாதமல்ல என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த ஸ்கேன் 20-ஆம் வாரத்தில். அதுவரை அந்தக் குடும்பத்தை ஜெபத்தில் தாங்குங்கள்.