தானே கற்கும் திறன்: பல்கலைக்கழக மாணவருக்கான வழிகாட்டி

பள்ளியில் எதை, எப்போது படிப்பது என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார். பல்கலைக்கழகத்தில் அந்தப் பொறுப்பு மாணவரிடம் வருகிறது. விரிவுரையில் ஒரு பாடத்தின் முக்கியக் கூறுகள் மட்டுமே இடம்பெறும். மீதியைத் தேடிப் படித்துத் தெளிவது மாணவரின் வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்கூட முதல் பருவத்தில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். தானே கற்கும் திறன் பழக்கத்தால் வருவது. அதைப் பின்வரும் வரிசையில் வளர்த்துக்கொள்ளலாம்.

1. பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தல்

பருவத்தின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும் முழுமையாகப் படிக்க வேண்டும். அலகுகள், பார்வை நூல்கள், அக மதிப்பீட்டுத் தேர்வுகள், ஒப்படைப்பு நாட்கள் அனைத்தையும் ஒரே தாளில் வார வாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் எந்தப் பகுதிக்கு ஆழ்ந்த படிப்பு தேவை என்பது தெரியும்.

2. கேள்வியோடு வாசித்தல்

அமெரிக்க உளவியலாளர் பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் ஐந்து படிகள் கொண்ட வாசிப்பு முறையை வகுத்தார். முதலில் இயலின் தலைப்புகளையும் படங்களையும் மேலோட்டமாகப் பார்ப்பது, தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றுவது, விடை தேடி வாசிப்பது, புத்தகத்தை மூடிவிட்டு விடையைச் சொல்லிப் பார்ப்பது, கடைசியில் மீள்பார்வை. கேள்வி இல்லாமல் பக்கம் பக்கமாக வாசிப்பவருக்கு எது முக்கியம் என்பதே பிடிபடாது.

3. குறிப்பெடுத்தல்

கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் பாக் வகுத்த முறை எளிது. தாளின் இடப்பக்கம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போட வேண்டும்; அடியில் இரண்டு அங்குலம் ஒதுக்க வேண்டும். வலப்பக்கம் வகுப்புக் குறிப்புகளுக்கு, இடப்பக்கம் அவற்றிலிருந்து எழும் கேள்விகளுக்கு, அடிப்பகுதி சுருக்கத்துக்கு.

பொருளியல் மாணவர் ஒருவர் தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்பதை, படிப்பதாகக் கொள்வோம். வலப்பக்கம் இலக்கணமும் சூத்திரமும் இருக்கும். இடப்பக்கம், "உப்பின் விலை ஏறினாலும் விற்பனை ஏன் அவ்வளவாகக் குறைவதில்லை?" என்ற கேள்வி இருக்கும். உப்புக்கு மாற்றுப் பொருள் இல்லை, வருமானத்தில் அதற்காகும் செலவும் மிகச் சிறிது என்று அடியில் இரண்டு வரி எழுத முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள். எழுத வரவில்லையென்றால் எங்கே திரும்பிப் படிப்பது என்பது தெரிந்துவிடும்.

4. தன்னைத் தானே சோதித்தல்

படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்துவிட்டது போன்ற நம்பிக்கையைத் தரும்; நினைவில் நிற்காது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினர். குறிப்பின் வலப்பக்கத்தை மறைத்துவிட்டு, இடப்பக்கக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்ப்பதே இதற்குப் போதும். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என இடைவெளி விட்டு இதைச் செய்ய வேண்டும்.

5. நூலகத்தைப் பயன்படுத்துதல்

நூல்களைத் துறைவாரியாக எண்ணிடும் டியூயி முறையில் அடுக்கிய நூலகத்தில் பொருளியல் நூல்கள் 330 என்ற எண்ணின்கீழ் இருக்கும். தன் துறைக்குரிய எண்ணைத் தெரிந்துகொண்ட மாணவர் நேராக அந்த அடுக்குக்குச் சென்று, ஒரே கருத்தை இரண்டு மூன்று நூல்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொறியியல், அறிவியல் பாடங்களுக்கு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

6. சொந்த நடையில் எழுதுதல்

ஒப்படைப்புக்கு இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவது கருத்துத் திருட்டு. மூலத்தைப் படித்து, மூடிவைத்து, தன் சொற்களில் எழுத வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தி, ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். இந்த விவரங்களைப் படிக்கும்போதே குறித்துவைத்தால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.

7. உதவி கேட்டல்

தானே கற்பது தனியாகவே கற்பதாகிவிடக் கூடாது. "பாடம் புரியவில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இந்த வரி வரை புரிகிறது, அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் ஆசிரியரால் உடனே வழிகாட்ட முடியும். வாரம் ஒருமுறை தீராத ஐயங்களைப் பட்டியலிட்டு ஆசிரியரையோ சக மாணவரையோ அணுகுவது நல்லது.

ஏழு படிகளையும் எல்லாத் தாள்களிலும் ஒரே நாளில் தொடங்கத் தேவையில்லை. முதல் பருவத்தில் கடினமான ஒரு தாளில் மட்டும் கடைப்பிடித்து, பழகியபின் மற்றவற்றுக்கும் விரித்துக்கொள்வதே நிலைக்கும் வழி.