அரிக்கட்டும் என்றே வைத்த கட்டி

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் கரையேற்றியிருந்த பழைய விசைப்படகில், புரொப்பல்லருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டி ஒன்றை போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். கறையான் அரித்த மாதிரி குழிகுழியாக இருந்தது. அது என்ன பாகம்? – வாசகர், கெங்கவல்லி

பதில்: துத்தநாகக் கட்டியாகத்தான் இருக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் உள்ளே நீலம் கலந்த வெள்ளையாகப் பளபளக்கும், காந்தம் ஒட்டாது. அரிபடுவதுதான் அதன் வேலை. வெண்கலப் புரொப்பல்லரும் எஃகுத் தண்டும் உப்புநீரில் ஒன்றாகக் கிடந்தால் மின்னோட்டம் உண்டாகி எஃகு அரிக்கும். துத்தநாகத்தையும் உடன் இணைத்தால் அது முதலில் கரைந்து மற்றதைக் காக்கும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுவார்கள். அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. அடித்தால் கட்டி வைத்ததே வீண்.

1824-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளுக்கு இந்த உபாயத்தைச் சொன்னார். செம்பு பிழைத்தது. ஆனால் கடலுயிர்களை ஒட்டவிடாமல் தடுக்கும் செம்பு கரையாததால் கொட்டலசும் பாசியும் அடியில் அப்பிக் கப்பலின் வேகம் குறைந்தது!

உங்கள் ஊர் ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சும் இதே தத்துவம்தான். வீட்டு கீசருக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியையும் சர்வீஸின்போது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.