இலண்டன் எத்தனை கிலோமீட்டர்?

ஜவ்வாது மலைக் காவலூரில் வானியலார் இரு விண்மீன்களின் கோண இடைவெளியை அறியும் சூத்திரமே விமானத் தூரத்துக்கும் உதவும்.

உலகப்படத்தில் அளவுகோலை வைக்காதீர்கள். தட்டைப் படம் ஏமாற்றும். பூகோள உருண்டையில் இழுத்துப் பிடித்த நூலே குறுகிய வழி.

சென்னை விமான நிலையம்: வடக்கு 13°, கிழக்கு 80.2°. இலண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.5°, மேற்கு 0.5°. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. எனவே தீர்க்கரேகைகளைக் கூட்டுங்கள்: 80.7°. (மாணவர் பலர் கழித்துவிடுவார்கள்!)

கோசைன் (கோணம்) = சைன் 13° × சைன் 51.5° + கோசைன் 13° × கோசைன் 51.5° × கோசைன் 80.7° = 0.274

கோணம் 74.1°. பாகைக்கு 111.2 கி.மீ.; ஆக, ஏறத்தாழ 8,240 கி.மீ. காற்றையும் வான்வழி விதிகளையும் அனுசரிக்கும் விமானம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே பறக்கும்.

சிங்கப்பூருக்கு (வடக்கு 1.4°, கிழக்கு 104°) நீங்களே போடுங்கள். 2,920 கி.மீ.க்கு அருகில் வர வேண்டும்.